வழிமொழிய ஆளில்லாத கல்

எங்கள் திருச்சி நகர வானக் கண்காணிப்புச் சங்கத்தில் பொறாமை என்பது கிடையாது. சங்கத்தின் விதிகளில் அதற்கு இடமில்லை. இடம் இருந்திருந்தால் அதற்கும் ஒரு கமிட்டி போட்டு, அந்தக் கமிட்டிக்கு யார் தலைவர் என்று அடித்துக்கொண்டிருப்போம்.

மலைக்கோட்டைக்குக் கீழே, சின்னக் கடை வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மொட்டை மாடிதான் சங்கம். ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு வானம் திறக்கப்படும். எட்டு மணிக்கு மூடப்படும். தலைவர் தாயுமானவன் பிள்ளைக்கு எட்டரைக்குள் சாப்பாடு ஆகிவிட வேண்டும். நேரம் தப்பினால் நெஞ்சு கரிக்கும். ஆகவே எட்டு மணிக்குப் பிறகு வானத்தில் நடக்கிற எதற்கும் சங்கம் பொறுப்பல்ல.

பிள்ளை ஓய்வுபெற்ற சப்-ரிஜிஸ்திரார். ஆயுள் முழுக்கப் பத்திரம் பதிந்த கை. உலகத்தில் பதிவாகாத எதையும் அவர் நம்பியதில்லை. தம்முடைய கல்யாணமே ரிஜிஸ்தர் ஆகாத கல்யாணம் என்பதால், அதைக்கூட ஒரு சந்தேகத்தோடுதான் நடத்திவந்தார்.

சங்கத்தின் ஏழாவது விதி அவர் இயற்றியது. எரிநட்சத்திரத்தை ஓர் உறுப்பினர் பார்த்தால் மட்டும் போதாது. அவர் அதை முன்மொழிய வேண்டும். அதையே பார்த்த இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அப்போதுதான் அது விழுந்ததாக அர்த்தம். பொய்யைத் தடுப்பதற்கு இதைவிட நல்ல விதி இருக்க முடியாது. நான் "அதோ!" என்று கத்துவேன். பக்கத்தில் நிற்கிற பொருளாளர் முகம்மது கனி ராவுத்தர் சரியாக அந்த நேரம் பார்த்துக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். இவர் சாதாரண ஆள் இல்லை. பெருநாள் பிறையை மேகத்துக்குள்ளே தேடிப் பிடித்து ஊருக்கே சொல்கிற கண் அது. அந்தக் கண்ணுக்கு என் நட்சத்திரம் மட்டும் தெரியாது. போகட்டும், அவர் "அதோ!" என்றால் எனக்கும் தும்மல் வந்துவிடும். இப்படியாக, சங்கம் தோன்றிய நாளிலிருந்து திருச்சிக்கு மேலே ஒரு எரிநட்சத்திரம்கூட விழவில்லை.

நான் உதவிக் காரியதரிசி பாக்கியநாதன். ரயில்வேயில் குமாஸ்தா, பாலக்கரையில் ஓட்டு வீடு. சங்கத்தின் விண்கல் தேடும் கமிட்டிக்கு நான்தான் கன்வீனர், நான்தான் உறுப்பினர். வானத்துக் கல்லில் இரும்பு கலந்திருக்கும், காந்தத்தில் ஒட்டும் என்று படித்திருக்கிறேன். அதனால் சனிக்கிழமைதோறும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியை இழுத்துப் போகிற மாதிரி கொள்ளிடத்து மணலில் இழுத்துக்கொண்டு நடப்பேன். இதுவரை கிடைத்தவை மாட்டு லாடங்களும் வண்டிச் சக்கரத்து ஆணிகளும்தான்.

"ஊர்ல எந்த மாட்டுக்கு லாடம் கழண்டாலும் நம்ம வீட்டுக்குத்தான் தேடி வராங்க" என்பாள் என் மனைவி டோரதி. "ஒரு பட்டறையே வெச்சிடலாம், போங்க."

எனக்கு வேண்டியது ஒரு கல். ஒரே ஒரு கல். அது வேறு யாருக்கும் கிடைக்கக் கூடாது. இவ்வளவுதான் என் ஆசை.

ருஷ்யாக்காரன் நாயை மேலே அனுப்பினானே, அதற்கு மறு வருஷம் மாசி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். சங்கம் கூடியிருந்தது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு, சென்ற கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் தலைவருக்குச் சொன்ன நன்றியில் 'மனமார்ந்த' என்ற சொல் விட்டுப்போனது யாருடைய கவனக்குறைவு என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மாடி முழுக்க வெளிச்சமாயிற்று.

"எவன்டா அவன் டார்ச் அடிக்கிறது? நிறுத்து!" என்றார் பிள்ளை, தலை நிமிராமல்.

வெளிச்சம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கிழக்கே இடி மாதிரி ஒரு சத்தம். "எங்கயோ பாறைக்கு வெடி வைக்கிறான்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் 'மனமார்ந்த'வுக்குப் போய்விட்டார். அன்றைக்கு எட்டு மணி வரைக்கும் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, மாடிப்படியில் ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். தலைமுடியில் வைக்கோல் துரும்பு. கையில் துண்டில் கட்டிய ஏதோ கனமான பொருள். காட்டூரில் வைக்கோல் வியாபாரம் செய்கிற வீரமலை என்று சொல்லிக்கொண்டார்.

"ஐயா, இங்க மேல பாக்குறவங்க யாருங்க?"

"நாங்க எல்லாருமே மேல பாக்குறவங்கதான்" என்றார் ராவுத்தர்.

அவர் துண்டை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். மேஜை ஆடியது. அரைத் தேங்காய் அளவுதான் இருக்கும். தீய்ந்த தோசையின் அடிப்பக்கம் மாதிரி கருப்புத் தோல். ஒரு ஓரம் உடைந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. அதில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கிற்று.

"போன ஞாயித்துக்கெழமை வெளக்கு வெக்கிற நேரங்க. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கேன், ஓட்டைப் பொத்துக்கிட்டு வீட்டுக்குள்ள எறங்கிருச்சு. அன்னையிலேருந்து ஊரே ஒரே பேச்சுங்க, குட்டிச்சாத்தான் கல்லு போடுதுன்னு. எம் பொண்ணு வள்ளிக்கண்ணுக்கு முசிறியில நல்ல எடம் அமைஞ்சிருக்கு. வைகாசியில கல்யாணம்னு பேச்சு. கல்லு விழுற வீட்டுல யாருங்க பொண்ணு எடுப்பாங்க? அவங்க காதுக்கும் போயிருச்சு. வர்ற வெள்ளிக்கெழமை நேர்ல வந்து பாத்துட்டுத்தான் முடிவு சொல்வாங்களாம். உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் வந்து, இது பேய் போட்ட கல்லு இல்ல, ஆகாசத்துலேருந்து விழுந்த கல்லுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க. அவ்வளவுதான்."

எல்லாரும் கல்லையே பார்த்தோம். நான் மடியிலிருந்த காந்தத்தை மெதுவாக எடுத்து, யாரும் பார்க்காத பக்கமாகக் கல்லுக்கு அருகே கொண்டுபோனேன். டக்கென்று ஒட்டியது. லாடத்தைத் தவிர வேறொன்றையும் அறியாத என் காந்தம், ஒரு வைக்கோல்காரர் கொண்டுவந்த கல்லில் போய் அப்படி ஒட்டிக்கொண்டது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம்? எரிந்தது.

பிள்ளை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நீர் சங்கத்திலே உறுப்பினரா?"

"இல்லீங்க."

"விழுறபோது மேலே பாத்துக்கிட்டிருந்தீரா?"

"இல்லீங்களே. மாட்டப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"மாட்டைப் பாத்துக்கிட்டிருந்த ஆள் வீட்டிலே எப்படிய்யா விழும்?"

பிள்ளை எழுந்து நின்றார். எழுந்தால் அவருக்கு மேடைத் தமிழ் வந்துவிடும்.

"அன்பர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வாரம் தவறாமல் கழுத்து நோக மேலே பார்க்கிற படித்த கனவான்கள் இங்கே இத்தனை பேர் இருக்கிறோம். சந்தா கட்டுகிறோம். தீர்மானம் போடுகிறோம். வானத்துக்கு ஒரு கல்லைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால், முறைப்படி யாரிடம் கொடுக்க வேண்டும்? வானம் ஒழுங்கான இடம். சூரியன் நேரத்துக்கு வருகிறது, நேரத்துக்குப் போகிறது. அப்படிப்பட்ட இடம், மொட்டை மாடியில் காத்திருக்கிற தலைவரை விட்டுவிட்டு, காட்டூரிலே மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலே கொண்டுபோய்ப் போடுமா? போடாது. போட்டிருந்தால் அது வானத்தின் தவறு. தவறை நாம் அங்கீகரிக்க முடியாது."

கைதட்டினோம். வீரமலையும் தட்டினார், மரியாதைக்கு.

"இருந்தாலும் விதி என்று ஒன்று இருக்கிறது" என்று பிள்ளை தொடர்ந்தார். "இவர் முன்மொழிகிறார். இதை வழிமொழிய யாராவது உண்டா?"

ராவுத்தர் குனிந்து செருப்பு வாரைப் பிடித்தார். மற்றவர்கள் அவரவர் செருப்பைத் தேடினார்கள். காந்தம் ஒட்டியதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் வழிமொழிந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தும்மல் வந்துவிட்டது.

வீரமலையின் முகம் போன போக்கைப் பார்த்து ராவுத்தர், "எதுக்கும் நேர்ல போய் ஒரு தரம் பாத்துட்டு வந்துடலாமே" என்றார். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் இன்னொரு கல் கிடக்குமோ என்ற நப்பாசை. எனக்கும் அதே நப்பாசை இருந்ததால் கண்டுபிடித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தஞ்சாவூர் பஸ்ஸில் மூவரும் காட்டூர் போய் இறங்கினோம். பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ராவுத்தரும் நானும் வைக்கோல் போரைச் சுற்றி ஆளுக்கொரு பக்கமாகத் தேடினோம். என் காந்தத்தில் ஒரு லாடம் ஒட்டியது. பிறகு வீட்டுக்குள் போய் ஓட்டையைப் பார்த்தோம். நல்ல ஓட்டை. அதன் வழியாக வானம் தெரிந்தது.

பிள்ளை ஓட்டையையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கல்லுதான் இந்த ஓட்டையைப் போட்டதுங்கிறதுக்கு என்ன ருசு?"

"வேற எதுங்க போட்டிருக்கும்?"

"அதெல்லாம் யூகம். மறுபடி விழுந்தா நாங்க நேர்ல பாத்து எழுதிக்குவோம். கொல்லையிலே தென்னை இருக்கில்லே? அதிலே ஏறி, கல்லை அந்த ஓட்டை வழியா ஒரு தரம் போட்டுக் காட்டும்."

வீரமலை கல்லைத் துண்டில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தென்னையில் ஏறினார். தெருவே கூடிவிட்டது. "போடும்!" என்று பிள்ளை கையை உயர்த்தினார். கல் வந்தது. ஓட்டையில் விழவில்லை. ஒரு முழம் தள்ளி, இன்னொரு ஓட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போயிற்று. வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி மயிலம்மாள் அலறினாள்.

பிள்ளை உள்ளே போய் இரண்டு ஓட்டைகளையும் நிதானமாகப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. ரெண்டாவதைப் போட்டது நீர். அப்போ மொதல்லே இருக்கிறதையும் நீரே போட்டிருக்க இடமுண்டு." ராவுத்தரும் நானும் தலையாட்டினோம். விசாரணை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

"ஒரு ஓட்டைக்கு வழி கேக்கப் போனீங்க" என்று மயிலம்மாள் மரத்திலிருந்து இறங்கிய புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "மூணு பேரக் கூட்டியாந்து ரெண்டா ஆக்கிட்டீங்க. இனிமே அந்த முசிறிக்காரங்க வாசப்படி ஏறுவாங்களா?"

அவள் பயந்தது சரிதான். மறுநாளே பேச்சு மாறிவிட்டது. வீரமலைக்கே பேய் பிடித்திருக்கிறதாம். மரத்தில் ஏறித் தன் வீட்டுமேல் தானே கல் போடுகிறாராம். கீழே கோட்டுப் போட்ட மந்திரவாதி ஒருவர் நின்றுகொண்டு கையைத் தூக்கித் தூக்கி ஏவுகிறாராம். முசிறி பஸ் வரைக்கும் இந்தப் பேச்சு ஏறிவிட்டது.

இங்கே ஸ்ரீரங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எங்களுடையது ஒரே சங்கம். சந்தா பிரித்து ஒரு தொலைநோக்கி வாங்கினோம். அதன் பித்தளைத் தகட்டில் யார் பெயர் முதலில் என்ற பிரச்சினையில் சடகோபாசாரியார் என்பவர் வெளியேறி, ஸ்ரீரங்கம் அந்தரிக்ஷ தர்சன சபா என்று தொடங்கிவிட்டார். போகும்போது சொத்துப் பிரிவினை முறைப்படி நடந்தது. குழாய் எங்களுக்கு, கண்ணாடி அவர்களுக்கு. அன்று முதல் நாங்கள் குழாய் வழியாகவும் அவர்கள் கண்ணாடி வழியாகவும் வானத்தைப் பார்த்துவருகிறோம்.

வியாழக்கிழமை நான் காட்டூரில் இருந்தேன். கல்லைச் சும்மா ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். புதன்கிழமையும் போயிருந்தேன். அப்போது வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. பன்னிரண்டு திருமண்ணும் பளிச்சென்று தெரிய சடகோபாசாரியார் இறங்கினார். கல்லைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அடியேன் நன்னா விசாரிச்சுட்டேன். இந்த வஸ்து வடமேற்கேயிருந்து எழுந்தருளியிருக்கு. வடமேற்கே என்ன இருக்கு? ஸ்ரீரங்கம். நம்ம மொட்டைக் கோபுரத்துக்கு மேலாகத்தான் வந்திருக்கணும். ஸ்ரீரங்கத்து ஆகாசத்திலே பிரவேசிச்சா அது ஸ்ரீரங்கத்து வஸ்துதான். காட்டூர்லே எறங்கினது ஒரு ஸௌகர்யத்துக்காக."

"சரிங்க சாமி" என்றார் வீரமலை. "மேலேருந்து வந்துச்சுன்னு நாளைக்கு அவங்க முன்னாடி சொல்வீங்களா?"

"பேஷா ஸாதிச்சுடலாம். ஆனா கல்லு சபாவுக்கு வந்து சேர்ந்துடணும்."

"கல்ல வெச்சுக்கிட்டு நான் என்னங்க செய்யப்போறேன்? எம் பொண்ணு கல்யாணம் நின்னுறக் கூடாது. எடுத்துட்டுப் போங்க."

என்னால் தாங்க முடியவில்லை. குழாய் உள்ள சங்கத்தை விட்டுவிட்டுக் கண்ணாடி உள்ள சபாவுக்கு ஒரு விண்கல்லா? அடுத்த பஸ்ஸிலேயே ஓடிப் பிள்ளையிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

"அந்தக் கல்லு நமக்கு வேண்டாம்" என்றார், எச்சில் கையை ஆட்டியபடி. "அது வெறும் ரோட்டுக் கல்லு. ஆனா அது அவர் கைக்குப் போகக் கூடாது."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் நாங்கள் போய்விட்டோம். பிள்ளை உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னாலேயே சடகோபாசாரியார் வந்து, கல் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் அமர்ந்தார். நாலு மணிக்கு முசிறிக்காரர்கள் வந்தார்கள். பையனின் அப்பா அம்மாசி, வாழைக் கொல்லைக்காரர். கனத்த உடம்பு, கனத்த முண்டாசு. பாயில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மேலே இருந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்தார்.

"ஒண்ணுன்னுல்ல சொன்னாங்க?"

மயிலம்மாள் தூணுக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நமக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு" என்றார் அம்மாசி. "ஆனா கல்லு விழுற வீடுங்கறாங்க. அது என்ன ஏதுன்னு தெரியாம தட்டு மாத்த முடியாது பாருங்க. சொல்லுங்க, என்ன கல்லு இது?"

சடகோபாசாரியார் தொண்டையைக் கனைத்தார். "ஸந்தேகமே வேண்டாம். இது ஆகாசத்திலேர்ந்து ஸ்ரீரங்கம் மார்க்கமா..."

"ஆட்சேபிக்கிறேன்!" என்றார் பிள்ளை. "இது வானத்துக் கல்லே இல்லை. இதை முறைப்படி யாரும் வழிமொழியவில்லை. ரோட்டிலே கிடக்கிற சாதாரணக் கருங்கல்."

மயிலம்மாள் விம்மினாள். வீரமலை பிள்ளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, ஒரு வார்த்தைங்க. ஒரே ஒரு வார்த்தை."

"ரோட்டுக் கல்லுன்னா தேவரீர் அதை ஏன் மடியிலே வெச்சுண்டு கொஞ்சறேள்?" என்று கேட்டார் சடகோபாசாரியார். "இப்படிக் கொடும், அடியேன் ரோட்டிலேயே போட்டுடறேன்."

"ரோட்டுக் கல்லா இருந்தா என்ன? அது எங்க சங்கத்து ரோட்டுக் கல்லு!"

சடகோபாசாரியார் கையை நீட்டினார். பிள்ளை இறுக்கினார். இருவரும் எழுந்தார்கள். ராவுத்தர், "விடுங்க, விடுங்க, பெரியவங்க நீங்க" என்று சொல்லிக்கொண்டே குறுக்கே புகுந்து, கல்லின் மூன்றாவது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நான் விலக்கிவிடத்தான் போனேன். கை கல்லின்மேல் பட்டது. பட்ட கையை எடுக்க மனம் வரவில்லை. நாலு பேரும் அந்தக் கூடத்தைச் சுற்றி வந்தோம். பிள்ளையின் கோட்டுப் பொத்தான் தெறித்தது. வெற்றிலைத் தட்டு கவிழ்ந்தது. சடகோபாசாரியாரின் பஞ்சகச்சம் அவிழ்ந்து ராவுத்தரின் காலைச் சுற்றிக்கொண்டது.

"கண்ணாடியைத் திருடினவன் நீ!"

"குழாயைத் திருடினவர் தேவரீர்!"

"யாராச்சும் ஒருத்தர் எடுத்துக்கிட்டுத் தொலைங்களேன்!"

நாங்கள் நின்றோம். அடுக்களை வாசலில் வள்ளிக்கண்ணு நின்றிருந்தாள். அதுவரை அவளை நாங்கள் யாரும் சரியாகப் பார்த்தது கிடையாது.

"இத்தனை நாளா இதப் பாக்க வரீங்க, போறீங்க. இது விழுந்தப்போ நான் இந்தா இங்கதான் கொடத்தோட நின்னேன். என் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு. கொடம் நசுங்கிப்போச்சு. அதப் பத்தி ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. விதிகளில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

அம்மாசி அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். பிறகு கல்லின் நாலு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார். அவருடைய பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று தெரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பேய் போட்ட கல்லுன்னா தொடுறதுக்கே ஆள் வராது. இங்க படிச்சவங்க நாலு பேரு வேட்டி அவுந்தது தெரியாம அடிச்சுக்கிறாங்க. இவ்வளவு வயித்தெரிச்சலக் கெளப்புதுன்னா அது மேலேருந்து வந்ததாத்தான் இருக்கணும். தலையில விழ வேண்டியது தள்ளி விழுந்திருக்கு பாருங்க, பொண்ணு நல்ல நேரக்காரி. தட்டக் கொண்டாங்க."

மயிலம்மாள் அழுதுகொண்டே கவிழ்ந்த தட்டை எடுத்து வெற்றிலையை அடுக்கினாள்.

"அந்தக் கல்லும் பொண்ணோட வந்துறட்டும்" என்றார் அம்மாசி, எங்கள் கைகளைப் பார்த்து. நாங்கள் ஒவ்வொரு விரலாக எடுத்தோம்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சீர்வரிசையில் குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் நடுவில், மஞ்சள் குங்குமம் வைத்து, கல் உட்கார்ந்திருந்தது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது: மாசி மாதத்தில் காட்டூரில் எதுவும் விழவில்லை. நான் முன்மொழிந்தேன். ராவுத்தர் உடனே வழிமொழிந்தார். சங்க வரலாற்றில் முதன்முதலாக வழிமொழியப்பட்ட விஷயம் அதுதான். 'மனமார்ந்த' நன்றியோடு நிறைவேறியது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆடி மாதத்தில் பிள்ளையின் புத்தூர் வீட்டு ஓட்டில் ஒரு கல் விழுந்தது. அவரே முன்மொழிந்தார், வழிமொழிய ஆளில்லை. அடுத்த வாரம் பீமநகரில் ராவுத்தர் வீட்டில் விழுந்தது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலும் ஒன்று விழுந்ததாகக் கேள்விப்பட்டோம். வானம் ஒருவழியாக முறை தெரிந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் என் வீட்டிலும் விழுந்தது. எப்படி விழுந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? விழும்போது யாரும் பார்க்கவில்லை.

"ஏசுவே!" என்று ஓடிவந்தாள் டோரதி. ஓட்டையைப் பார்த்தாள், தரையில் கிடந்த கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

பாலக்கரை முழுக்கப் பேச்சாகிவிட்டது. காட்டூர்க் குட்டிச்சாத்தான் கல்யாணத்துக்குப் பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல் டவுனுக்கு வந்துவிட்டதாம். சங்கத்துக்காரர்கள் வீடாகப் பார்த்துக் கல் போடுகிறதாம். பங்குச் சாமியார் வந்து வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். என் மகள் பேட்ரிசியாவுக்கு மணப்பாறையில் ஒரு வரன் கூடிவந்த நேரம் அது. அவர்களிடமிருந்து ஆள் வந்தது: வீட்டில் ஏதோ கல் விழுகிறதாமே, நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

"போய் உங்க தலைவரக் கூட்டிட்டு வாங்க" என்றாள் டோரதி. "வந்து சொல்லட்டும்."

பிள்ளையிடம் போனேன். என் கல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே அவர் குனிந்து செருப்பைத் தேடினார். ராவுத்தருக்குத் தும்மல் வந்தது. அவருக்கு அதற்குமுன் தும்மல் வந்து நான் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் காட்டூருக்குப் போனேன். வீரமலை வைக்கோல் பாரத்தை அப்படியே போட்டுவிட்டு, "பொண்ணு காரியம்னா பேச்சென்னங்க, வாங்க" என்று கூடவே கிளம்பி வந்துவிட்டார். வழியெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஒரே ஒரு வார்த்தை. ஆகாசத்திலிருந்து விழுந்தது. அவ்வளவுதான்.

மணப்பாறைப் பெரியவர் எங்கள் கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பேட்ரிசியா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் கை கதவைப் பிடித்திருந்தது மட்டும் தெரிந்தது. நான் கல்லை எடுத்து வைத்தேன். கொள்ளிடத்தில் பொறுக்கியெடுத்தது போலவே நல்ல வழவழப்பான கல்.

"இவருக்கு இதிலே அனுபவம் உண்டு" என்றேன். "இவர் வழிமொழிவார்."

வீரமலை கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். கொல்லைப் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. அந்த வழியாகவும் பார்த்தார். பிறகு பெரியவரிடம் திரும்பி, முகம் நிறைந்த பிரியத்தோடு சொன்னார்.

"பெரியவரே, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. இது பேயுமில்ல, பிசாசுமில்ல. இவருதான் ஏறி நின்னு போட்டிருக்காரு. அந்தா பாருங்க, ஏணி இன்னும் சாத்தியே இருக்கு. இவரு மட்டுமில்லீங்க, இவங்க சங்கத்துல அத்தன பேரும் அவங்கவங்க வீட்டுல போட்டுக்கிறாங்க. ரொம்ப நல்ல மனுசங்க. சத்தியமா நான் வழிமொழியிறேன்."

அது வானத்திலிருந்து விழுந்த கல் என்பதே இன்றுவரை என் கருத்து. ஆனால் அன்றைக்கு என் கருத்தை யாரும் கேட்கவில்லை. மணப்பாறைப் பெரியவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பெரிய மூச்சாக விட்டார்.

"பைத்தியம்தானே? பேய் இல்லையே?" என்றார். "அது பரவாயில்லைங்க. எங்க தம்பி ஒருத்தரு இப்பிடித்தான், புறா வளக்கிறாரு. பொண்ணக் கூப்பிடுங்க."

கதவைப் பிடித்திருந்த கை விட்டது. டோரதி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். முதல் டம்ளரை வீரமலைக்குக் கொடுத்தாள்.

மறு வருஷம் நடந்த பேட்ரிசியாவின் கல்யாணத்துக்கு வீரமலை குடும்பத்தோடு வந்திருந்தார். முசிறியில் வள்ளிக்கண்ணுவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, ஆண் பிள்ளை, நல்ல கனம் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் அவரைத் தனியாக ஓரமாக அழைத்துக்கொண்டு போய், கல் சௌக்கியமா என்று கேட்டேன்.